சார்ஜர் பழுதா, பேட்டரி பழுதா? கார் பேட்டரிக்கு வீட்டில் சார்ஜ் ஏற்றுவது பற்றிய இழை

கேள்வி | 3 நவம்பர் 2024, ஞாயிறு காலை

தீபாவளிக்கு ரயிலில் ஊருக்குப் போயிருந்தோம். கார் சென்னையில் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மூன்று வாரங்கள் நின்றது. இப்போது சாவியைத் திருப்பினால் ஒலிகூட இல்லை, டாஷ்போர்டு விளக்கும் எரியவில்லை. பேட்டரி 35 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதன் கொள்ளளவு), வயது மூன்று. இணையத்தில் ஒரு தானியங்கிச் சார்ஜர் வாங்கி மாட்டினேன். சிவப்பு விளக்கு கண்சிமிட்டுகிறதே தவிர சார்ஜ் ஏறவில்லை. சார்ஜரின் கிளிப்புகளை மல்டிமீட்டரில் அளந்தால் பூஜ்யம் காட்டுகிறது. சார்ஜர் பழுது என்று திருப்பி அனுப்பிவிடலாமா?

3 நவம்பர், மாலை

அனுப்ப வேண்டாம். சார்ஜரின் மேல் இதுவரை எந்தக் குற்றமும் நிரூபணமாகவில்லை.

தானியங்கிச் சார்ஜர் வெறும் கிளிப்பில் மின்னழுத்தம் தராது. எதிரே ஒரு பேட்டரி இருக்கிறதா, பிளஸ் மைனஸ் மாறாமல் இருக்கிறதா, பேட்டரியில் ஓரளவேனும் உயிர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மின்சாரத்தை வெளியே விடும். கிளிப்புகள் இரண்டும் தற்செயலாகத் தொட்டுக்கொண்டாலும் பொறி பறக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. மீட்டரில் பூஜ்யம் வந்தது அதன் இயல்பு.

அளக்க வேண்டியது பேட்டரியை. சார்ஜரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி நிலையில் வைத்து, பேட்டரி முனைகளின் ஈயத்திலேயே கம்பிகளை வைத்துப் பாருங்கள். மேலே பூட்டியிருக்கும் கிளாம்ப்பில் வைக்காதீர்கள். கிளாம்ப்புக்கும் முனைக்கும் இடையில் உப்புப் பூத்திருந்தால் எண் பொய்யாகும். எவ்வளவு வருகிறது என்று எழுதுங்கள்.

3 நவம்பர், இரவு

6.8 வோல்ட் என்கிறார். கதை அங்கேதான் இருக்கிறது.

12 வோல்ட் பேட்டரி என்று நாம் அழைப்பதற்குள் ஆறு செல்கள் இருக்கின்றன. முழுச் சார்ஜில், சில மணி நேரம் ஓய்வில் இருந்த பிறகு, செல் ஒன்றுக்கு 2.1 வோல்ட்டுக்குச் சற்று மேல், மொத்தம் 12.6 அல்லது 12.7. 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. 11.8-க்குக் கீழே போனால் காலி என்றே கொள்ளலாம். முழுமைக்கும் காலிக்கும் இடையே ஒரு வோல்ட்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். "12 வோல்ட் காட்டுகிறது, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்பவர்கள் முக்கால்வாசி காலியான பேட்டரியைப் பார்த்துக்கொண்டுதான் அப்படிச் சொல்கிறார்கள்.

6.8 வோல்ட் பேட்டரியைக் கண்டால் உங்கள் சார்ஜர் குழம்புகிறது. அது 6 வோல்ட் பேட்டரியாக இருக்கலாம், செல்கள் செத்த 12 வோல்ட் பேட்டரியாகவும் இருக்கலாம். இரண்டிலும் 14 வோல்ட்டைச் செலுத்துவது ஆபத்து என்பதால் ஒதுங்கி நின்று கண்சிமிட்டுகிறது. சார்ஜரோடு வந்த தாளில் எத்தனை வோல்ட்டுக்குக் கீழே ஏற்றாது என்று எழுதியிருப்பார்கள். சில சார்ஜர்கள் 2 வோல்ட்டிலிருந்தே ஏற்றும், சிலவற்றுக்கு 7 அல்லது 8 வேண்டும். மிகவும் இறங்கிய பேட்டரிக்கென்று தனிப் பொத்தான் உள்ளவையும் உண்டு. முதலில் அந்தத் தாளைப் படியுங்கள்.

4 நவம்பர், காலை

பொத்தான் இல்லையாம். அப்படியானால் வழி இரண்டு.

பக்கத்துப் பேட்டரி கடையில் கொடுத்து மெதுவாகச் சார்ஜ் போடச் சொல்வது முதல் வழி. எனக்குப் பிடித்தது இதுதான். கடைக்காரர் ஆறு செல்களையும் பார்த்துவிடுவார்.

மற்றது, நல்ல நிலையில் உள்ள இன்னொரு 12 வோல்ட் பேட்டரியைத் தடித்த ஜம்பர் கேபிளால் இணையாகச் சேர்ப்பது. பிளஸ்ஸுக்குப் பிளஸ், கடைசி மைனஸ் இணைப்பை இறங்கிய பேட்டரியின் முனையில் தராமல், அந்தக் காரின் இன்ஜின் உலோகத்தில் தர வேண்டும். இரண்டு கார்களும் அணைந்தே இருக்கட்டும். பிறகு சார்ஜரை மாட்டினால் அது 11, 12 வோல்ட் என்று கண்டு வேலையைத் தொடங்கும். அரை மணி நேரத்துக்குள் சார்ஜரைச் சுவரில் அணைத்து, துணைப் பேட்டரியை விடுவித்து, மீண்டும் சார்ஜரைப் போடுங்கள். அந்த நேரம் முழுவதும் அருகிலேயே இருக்க வேண்டும். இறங்கிய பேட்டரி சூடானால் அதோடு நிறுத்திவிடுங்கள். உள்ளே ஒரு செல் ஷார்ட் ஆகியிருக்கும்.

4 நவம்பர், மதியம்

மதுரையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: மெக்கானிக் 15 ஆம்பியரில் ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்கிறார், ஏன் இரவெல்லாம் காத்திருக்க வேண்டும்?

கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் என்பது பேட்டரி கடைகளில் தலைமுறையாக வரும் கணக்கு. 35 ஏஎச் பேட்டரிக்கு 3.5 ஆம்பியர், 65 ஏஎச் டீசல் கார் பேட்டரிக்கு 6.5. அனுப்பும் மின்சாரம் முழுவதும் உள்ளே தங்காது. ஆறில் ஒரு பங்கு வீணாகும் என்று வையுங்கள். 25 ஆம்பியர்-மணி திரும்ப வேண்டுமானால் 30 அனுப்ப வேண்டும். 3.5 ஆம்பியரில் எட்டரை மணி நேரம். அதற்குப் பிறகும் கடைசிப் பகுதி மெல்லத்தான் ஏறும்.

வேகமாக ஏற்றினால் தகட்டின் மேற்பரப்பு மட்டும் சார்ஜ் ஆகிறது. உள்ளே இருக்கும் ஈய சல்பேட் கரைந்து, அமிலத்தைத் திரும்ப வெளியே விட நேரம் கிடைப்பதில்லை. மீதி மின்சாரம் வெப்பமாகவும் வாயுவாகவும் போகிறது, தகட்டிலிருந்து பொருள் உதிர்ந்து அடியில் சேர்கிறது. நடுவழியில் நின்ற வண்டியைக் கிளப்ப ஒரு முறை வேகச் சார்ஜ் போடுவதை நான் குறை சொல்லவில்லை. அதையே முழுச் சார்ஜ் என்று சொல்லிக் காசு வாங்குவதைத்தான் ஏற்க முடியவில்லை.

5 நவம்பர்

சார்ஜர் எது, எத்தனை வோல்ட் என்பதெல்லாம் இருக்கட்டும். கிளிப்பை எந்த வரிசையில் மாட்டுவது, எந்த வரிசையில் எடுப்பது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. இந்த இழையில் ஒரு குறிப்பை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

திண்டுக்கல்லில் ஒரு பேட்டரி கடையில் நான் வேலை கற்ற காலத்தில், நீளப் பலகையில் பேட்டரிகளை வரிசையாக வைத்து ஒன்றோடொன்று இணைத்து இரவெல்லாம் சார்ஜ் போடுவோம். காலையில் மூடிகளைத் திறந்தால் எல்லாச் செல்களும் குமிழிட்டுக்கொண்டிருக்கும். ஒருநாள் அவசரமாக வந்த லாரிக்காரர் ஒருவர், தன் பேட்டரியை எடுக்கச் சார்ஜரை அணைக்காமலேயே கிளிப்பை இழுத்துவிட்டார். துப்பாக்கி வெடித்ததுபோல் ஒலி. பேட்டரியின் மேல் மூடி பிளந்து கூரையில் அடித்தது. அமிலம் முகத்திலும் சட்டையிலும் தெறித்தது. கடையின் மூத்த தொழிலாளி ஒரு கணமும் யோசிக்காமல் அவரைத் தள்ளிக்கொண்டு போய் அடிபம்புக்குக் கீழே தலையை வைத்துத் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தார். கண் தப்பியது. சட்டை மறுநாள் சல்லடையாகிவிட்டது.

குமிழில் வருவது ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். 75 சதவீதம் வரை அந்த ஆபத்து நீடிக்கும். பற்றவைக்கக் கிளிப்பிலிருந்து வரும் ஒரு சின்னப் பொறி போதும். ஆகவே பேட்டரிக்கு அருகில் பொறி பறக்கவே கூடாது. எல்லா விதிகளும் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவை.

பேட்டரி காரிலேயே இருந்தால்: சார்ஜர் சுவரில் அணைந்திருக்க வேண்டும். சிவப்புக் கிளிப்பைப் பிளஸ் முனையில் மாட்டுங்கள். கருப்புக் கிளிப்பை மைனஸ் முனையில் மாட்டாமல், பேட்டரியிலிருந்தும் பெட்ரோல் குழாயிலிருந்தும் தள்ளி, பெயின்ட் இல்லாத பாடி உலோகத்திலோ இன்ஜின் பகுதியிலோ மாட்டுங்கள். அதன் பிறகுதான் சுவர் சுவிட்ச். எடுக்கும்போது முதலில் சுவர் சுவிட்ச், பிறகு கருப்பு, கடைசியில் சிவப்பு. வீட்டுப் பேட்டரி சார்ஜர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60335-2-29, சார்ஜரோடு தரும் குறிப்பில் இந்த வரிசை இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் பெட்டியில் வந்த தாளிலும் இருக்கும், சிறிய எழுத்தில்.

5 நவம்பர், இரவு

"மைனஸ் முனையிலேயே மாட்டினால் என்ன, பாடியும் மைனஸ்தானே?" என்று கேள்வி வந்திருக்கிறது. மின்சாரத்துக்கு வேறுபாடு இல்லை. பொறி பறக்கும் இடம்தான் வேறு. சுற்று பூர்த்தியாவதும் முறிவதும் கடைசியாக மாட்டும் கிளிப்பில். அந்த இடம் வாயு வெளிவரும் துளைகளுக்குப் பக்கத்தில் இருக்கலாகாது.

புதிய கார்களில் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. சிக்னலில் தானாக இன்ஜின் அணையும் வகைக் கார்களில் மைனஸ் முனையின் மேல் ஒரு சின்ன உணரி பூட்டியிருக்கும். பேட்டரிக்குள் போவதையும் வருவதையும் அது கணக்கு வைக்கிறது. நேராக முனையில் சார்ஜ் ஏற்றினால் உணரிக்குத் தெரியாமல் ஏறுகிறது, காரின் கணிப்பொறி பேட்டரி இன்னும் காலி என்றே நம்பிக்கொண்டிருக்கும்.

பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்து ஏற்றினால் பாடி இல்லை, இரண்டும் முனைகளில்தான். அப்போது சுவர் சுவிட்ச் ஒன்றுதான் காவல். காரிலிருந்து கழற்றும்போது மைனஸ் கேபிள் முதலில். பிளஸ்ஸை முதலில் தளர்த்தினால், ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்ட கணத்திலேயே நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே ஓடும். கையில் மோதிரம், காப்பு, உலோகப் பட்டைக் கடிகாரம் எதுவும் வேண்டாம். ஸ்பேனருக்கும் பாடிக்கும் நடுவே மாட்டிய மோதிரம் விரலோடு சேர்ந்து வெந்துவிடும்.

பிளஸ், மைனஸ் குறி அழிந்துபோன பழைய பேட்டரியானால் முனைகளைப் பாருங்கள். தடித்தது பிளஸ். பெரிய வகை முனையில் பிளஸ் 19.5 மில்லிமீட்டர், மைனஸ் 17.9. சிறிய ஜப்பானிய வகையில் 14.7-உம் 13-உம். பிறகு மீட்டரிலும் உறுதி செய்துகொள்ளுங்கள். மாற்றி மாட்டினால் பழைய சார்ஜரில் டயோடு போகும், காரில் பெரிய ஃபியூஸ் போகும், ஆல்டர்னேட்டரும் போகலாம்.

6 நவம்பர்

கேள்வி கேட்டவர் கடையிலேயே கொடுத்துவிட்டார். நல்லது. ஆனால் மூன்று வாரத்தில் 6.8 வரைக்கும் எப்படி இறங்கியது? எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நிறுத்திய காரிலும் கடிகாரம், பூட்டு, திருட்டு எச்சரிக்கை எல்லாம் கொஞ்சம் இழுக்கும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு. 50 என்றே வைத்தாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, மூன்று வாரத்தில் 25. முழுதாகச் சார்ஜ் ஆன 35 ஏஎச் பேட்டரி 12 வோல்ட்டை ஒட்டி நின்றிருக்க வேண்டும். 6.8 என்றால் வேறு எதுவோ இழுத்திருக்கிறது. டிக்கி விளக்கு, கேமரா, பின்னாளில் பூட்டிய ஒலிபெருக்கி, ஏதோ ஒன்று. அதைக் கண்டுபிடிக்காமல் சார்ஜ் போட்டுக்கொண்டே இருந்தால் அடுத்த விடுமுறையிலும் இதே கேள்வியோடு வருவார்.

9 நவம்பர், சனி

பழைய சார்ஜர் வைத்திருப்பவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். இரும்புப் பெட்டி, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், பாலம்போல் நான்கு டயோடு, முகப்பில் ஆம்பியர் முள். எனக்கு இவை பிடிக்கும். மூளை இல்லாததால் ஒளிவுமறைவும் இல்லை. முள்ளைப் படிக்கத் தெரிந்தால் பேட்டரியின் நோய் தெரிந்துவிடும்.

முதலில் முள் நன்றாக ஏறி, மணிக்கணக்கில் மெல்ல இறங்கி, ஒரு கோட்டருகே நிலைக்கிறது: ஆரோக்கியமான பேட்டரி.

முள் அசையவே இல்லை: சார்ஜரின் மேல் பழி போடாதீர்கள். கிளிப்பின் பல், முனையின் ஈயம், இரண்டையும் உப்புத்தாளால் தேயுங்கள். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் அங்கேயே சரியாகிவிடும். அடுத்து சார்ஜரின் ஃபியூஸ். அடுத்து கிளிப்புக்குள் கம்பி அற்றிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். ரப்பர் உறைக்குள் செம்பு பச்சையாகி அறுந்திருக்கும், வெளியில் தெரியாது. அதற்கு அடுத்துத்தான் டயோடு.

மாட்டியவுடன் முள் கடைக்கோடிக்கு ஓடி அங்கேயே நிற்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் உறுமுகிறது, சற்று நேரத்தில் 'டக்' என்று பாதுகாப்புச் சுவிட்ச் விழுகிறது, ஆறியதும் மீண்டும் வருகிறது: ஒரு செல் ஷார்ட், அல்லது கிளிப் மாறியிருக்கிறது. உடனே அணையுங்கள்.

முள் கொஞ்சம் ஏறி அரை மணிக்குள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது, மீட்டரில் 14 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது, "ஆஹா, சீக்கிரம் நிறைந்துவிட்டது" என்று தோன்றுகிறது: நிறையவில்லை. தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு வாசலை அடைத்துவிட்டது. கழற்றிச் சில மணி நேரத்தில் 12-க்குக் கீழே வந்துவிடும். பல மாதங்கள் காலியாகவே கிடந்த பேட்டரிக்கு வழக்கமான முடிவு இது. குறைந்த ஆம்பியரில் ஓரிரண்டு நாள் பொறுமையாக ஏற்றினால் சில மீளும், பல மீளாது.

எத்தனை மணி நேரம் ஏற்றினாலும் 10.5-ஐச் சுற்றியே நிற்கும் பேட்டரி: ஆறில் ஒரு செல் செத்துவிட்டது. இதற்கு மருந்து இல்லை.

9 நவம்பர், பிறகு

மேலே எழுதியதற்கு ஒரு சேர்க்கை. மூளை இல்லாத சார்ஜர் எனக்குப் பிடிக்கும் என்றேன். அதை மாட்டிவிட்டுத் தூங்கப் போகலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது தானாக நிற்காது. 14.4 வோல்ட்டைத் தொட்டதும் பேட்டரி தண்ணீரைப் பிரிக்கத் தொடங்குகிறது. பழைய சார்ஜர் அதைத் தாண்டி 15, 16 என்று போய்க்கொண்டே இருக்கும். பகலில், கண் பார்வையில், அலாரம் வைத்துப் போடுங்கள். இரவில் ஏற்ற வேண்டுமானால் தானியங்கிதான்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். 14.4 என்பது 25 டிகிரிக்கான எண். மே மாதம் 40 டிகிரி நிழலில் 14.1 போதும். வெப்பமானி இல்லாத சார்ஜரை உச்சி வெயிலில், சூடான பானெட்டுக்குள் போடுவதைவிட விடியற்காலை நல்லது.

பேட்டரியின் பக்கவாட்டைத் தொட்டால் கை பொறுக்கவில்லை, அழுகிய முட்டை நாற்றம் வருகிறது, பக்கம் உப்பியிருக்கிறது: மூன்றில் எது கண்டாலும் கிளிப்பில் கை வைக்காதீர்கள். சுவரில் அணைத்துவிட்டு வெளியே போய், கதவைத் திறந்துவைத்து ஆறவிடுங்கள். பூஜை அறை விளக்கும் ஊதுவத்தியும் இருக்கும் கூடத்தில் பேட்டரியை வைத்து ஏற்றும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

10 நவம்பர்

"வீட்டு இன்வெர்ட்டரில் கார் பேட்டரியை மாட்டி ஏற்றலாமா? சார்ஜர் வாங்கும் செலவு மிச்சம்."

கூடாது. வீட்டு இன்வெர்ட்டர் 150 ஏஎச் போன்ற பெரிய டியூபுலர் பேட்டரிக்காகச் செய்தது. 10, 15 ஆம்பியரைத் தள்ளும். 35 ஏஎச் பேட்டரிக்கு அது மிகை. அதைவிடப் பெரிய சங்கடம், நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது. இன்வெர்ட்டர் உடனே திசை மாறி, மின்விசிறி, விளக்கு, தொலைக்காட்சி எல்லாவற்றையும் அந்தச் சின்னப் பேட்டரியிலிருந்து ஓட்டும். 600 வாட் சுமைக்கு 50 ஆம்பியருக்கு மேல். இன்ஜினைக் கிளப்பும் சில நொடிகளுக்காகச் செய்த மெல்லிய தகடுகள் அவை. ஆழமாக இறக்கினால் சில தடவைகளிலேயே உயிர்விடும்.

இரண்டு சக்கர வண்டிக்காரர்களுக்கும் இதே எச்சரிக்கை. 4 ஏஎச் பேட்டரிக்கு 0.4 ஆம்பியர் போதும். கார் சார்ஜரில் பைக் நிலை இல்லையென்றால் மாட்டாதீர்கள். மூடியிட்ட பேட்டரி, ஜெல், ஏஜிஎம் (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருப்பது) வகைகளுக்கு "பழுது நீக்கும்" பொத்தானையும் தொடாதீர்கள். அது 15 வோல்ட்டுக்கு மேல் கொண்டுபோகும். அந்த வகைகளில் போன தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை.

11 நவம்பர்

தண்ணீர் என்றதும் வந்துவிட்டது: ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ஊற்றலாமா, ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா?

இரண்டும் வேண்டாம். ஏசி தண்ணீர் ஆவியிலிருந்து வந்தது என்பது உண்மை. வரும் வழியில் செம்பு, அலுமினியம், தூசி எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வருகிறது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவுதான், இல்லாமல் போகவில்லை. செம்பும் இரும்பும் குளோரைடும் தகட்டைச் சாப்பிடும். டிஸ்டில்ட் வாட்டர் ஒன்றும் பெரிய விலை இல்லை, அதையே வாங்குங்கள். தகடு மூழ்கியிருந்தால் சார்ஜ் ஏற்றிய பிறகு ஊற்றுங்கள். ஏற்றும்போது மட்டம் உயரும், முன்பே நிரப்பினால் அமிலம் வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றுங்கள். அமிலம் எப்போதும் சேர்க்க வேண்டாம். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான்.

அமிலம் தோலில் பட்டால் நிறையத் தண்ணீர். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீர், பிறகு மருத்துவமனை. சமையல் சோடா தரைக்கும் பேட்டரிப் பெட்டிக்கும் மட்டும், கண்ணில் போடாதீர்கள்.

சிமென்ட் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கும் என்ற நம்பிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. மரப்பெட்டிக் காலத்தில் ஈரம் ஊறிக் கசிவு இருந்திருக்கலாம். இன்றைய பாலிபுரொப்பிலீன் பெட்டியில் இல்லை. தரையில் வைத்தாலும் அலமாரியில் வைத்தாலும் பேட்டரி தானாகவே மெல்ல இறங்கும். வெயில் காலத்தில் இன்னும் வேகமாக.

17 நவம்பர்

டொரண்டோவில் இருப்பவர் ஒருவர், குளிர்காலத்தில் இந்த விதிகளில் ஏதேனும் மாறுமா என்கிறார். ஒன்று கூடும். காலியான பேட்டரிக்குள் இருப்பது ஏறத்தாழத் தண்ணீர்தான். மைனஸ் 10 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். முழுச் சார்ஜில் இருந்தால் மைனஸ் 50-இலும் உறையாது. பக்கம் உப்பிய, உறைந்த பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவே கூடாது, வெடிக்கும். உள்ளே கொண்டுவந்து உருகவிட்டு, பெட்டி விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். இந்தியாவிலிருந்து 230 வோல்ட் சார்ஜர் கொண்டுபோக வேண்டாம். அங்கே சுவரில் 120 வோல்ட்தான்.

3 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததிலிருந்து கேள்விகள் குவிகின்றன. எல்லாம் ஒரே கேள்வி: கார் தண்ணீரில் நின்றது, பேட்டரி இறங்கிவிட்டது, சார்ஜர் மாட்டலாமா?

காரில் இருக்கும்போது மாட்டாதீர்கள். தண்ணீர் புகுந்த காரின் கணிப்பொறிக்கும் கம்பிகளுக்கும் மின்சாரம் போனால் ஈரத்தோடு சேர்ந்து அரிக்கும், ஷார்ட் ஆகும். மைனஸ் கேபிளைக் கழற்றி ஒதுக்குங்கள். சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆவலையும் அடக்குங்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் ஒரு சுழற்சியில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். பேட்டரியை வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, மூடி திறக்கும் வகையானால் உள்ளே சேற்று நீர் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். புகுந்திருந்தால் அந்தப் பேட்டரி முடிந்தது.

ஈரத்தரையில் நின்றுகொண்டு நீட்டிப்புக் கம்பியில் சார்ஜர் போடுபவர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது. கீழ்த்தளத்தில் சுவர் பிளக் இல்லை என்று மூன்றாம் மாடியிலிருந்து இரண்டு பின் கம்பியைத் தொங்கவிடுகிறார்கள். எர்த் இல்லை, நடுவில் டேப் சுற்றிய இணைப்பு, கீழே ஒரு குட்டை. மூன்று பின் கம்பி, இணைப்பு இல்லாத முழு நீளம், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் ஆர்சிசிபி பாதுகாப்புச் சுவிட்ச் உள்ள சுற்று, இவை இல்லாமல் மழைக்காலத்தில் கீழ்த்தளத்தில் சார்ஜ் போடாதீர்கள். பேட்டரியைத் தூக்கிக்கொண்டு மாடி பால்கனிக்குப் போங்கள். 35 ஏஎச் பேட்டரியை ஒருவர் தூக்கிவிடலாம்.

8 டிசம்பர்

முதல் கேள்வி கேட்டவரிடமிருந்து சேதி. கடைக்காரர் இரண்டு நாள் மெதுவாக ஏற்றித் தந்தார். அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஐந்து செல்கள் 1.250-ஐ ஒட்டி, ஒன்று மட்டும் 1.230. பேட்டரி 12.5-இல் நிற்கிறது, இன்ஜின் கிளப்பும்போது 10 வோல்ட்டுக்கு மேலேயே இருக்கிறது. 9.6-க்குக் கீழே விழாதவரை கவலை வேண்டாம். செல்களுக்கு இடையே வேறுபாடு 0.050-ஐத் தொட்டால் மாற்ற நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். 0.020 என்பது பொறுக்கக்கூடியது. ஆனாலும் ஒரு முறை தரைமட்டத்துக்கு இறங்கிய பேட்டரி பழைய பலத்துக்குத் திரும்பாது. அடுத்த கோடையில் மறுபடியும் அளந்து பாருங்கள்.

இழுத்தது எது என்பதும் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் அணைத்து, காரைப் பூட்டி, அதன் கணிப்பொறிகள் உறங்க அரை மணி நேரம் விட்டு, மைனஸ் கேபிளுக்கும் முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். 280 மில்லி ஆம்பியர். கார் நிற்கும்போதும் படம் பிடிக்கட்டும் என்று கேமராவை நேராகப் பேட்டரியோடு இணைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் முழுப் பேட்டரியும் ஆறு நாளைக்குள் காலி. கேமராவை எடுத்ததும் 30-க்கு இறங்கிவிட்டதாம். இனி 12 வோல்ட்டில் தானே துண்டிக்கும் இணைப்புப் பெட்டியோடு அதைப் பூட்டச் சொல்லுங்கள். விற்பவர்களிடமே கிடைக்கும்.

வாங்கிய சார்ஜரை என்ன செய்வது என்கிறார். வைத்துக்கொள்ளுங்கள். கார் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் ஊருக்குப் போகும் முன் ஓர் இரவு போட்டு நிரப்பிவிட்டு, மைனஸ் கேபிளைக் கழற்றிவிட்டுப் போங்கள். ரேடியோவுக்கு ரகசிய எண் இருந்தால் அதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.